ஆள் வருவாங்க

திண்டிவனத்தில் நிற்கும் பஸ்ஸில் ஒரு சீட்டின் மேல் துண்டு கிடந்தால் என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கீழே நின்றபடியே ஜன்னல் வழியாகத் துண்டையோ பையையோ உள்ளே போட்டுவிட்டால் அந்த இடம் போட்டவருக்குச் சொந்தம். பஸ் கிளம்பி ஊரைத் தாண்டியும் ஆள் வரவில்லையென்றால் துண்டைத் தூக்கி மேலே கம்பியில் போட்டுவிட்டு யாராவது உட்கார்ந்துகொள்ளலாம். அதுவும் எல்லோருக்கும் தெரியும். அந்த அக்காவுக்கு மட்டும் முதல் பாதிதான் தெரியும்.

நான் அவரை முதலில் பார்த்ததே அப்படித்தான். மயிலம் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எட். சேர்ந்த புதிது. காலை பஸ்ஸில் நல்ல கூட்டம். நடுவில் ஒரு சீட் காலியாக இருக்கிறது, அதன் மேல் ஒரு பச்சைத் துண்டு. பக்கத்தில் ஒரு பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். தோளில் கனமான பை. யார் உட்கார வந்தாலும் "ஆள் வருவாங்க" என்கிறார். துண்டு இவருடைய வீட்டுக்காரருடையது போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். மயிலம் வந்தது. ஆள் வரவில்லை. இறங்கும்போது கண்டக்டர் வந்து துண்டை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார். முந்தின டிரிப்பில் மறந்து வைத்த அவருடைய துண்டாம். பஸ்ஸே சிரித்தது. அக்காவும் சிரித்தார்.

"ஏன்க்கா, எடுத்துப் போட்டுட்டு உக்கார்றதுதானே?" என்று கேட்டேன்.

"வெச்சவங்க வந்து எடுக்கணும் தம்பி. நாம எப்படித் தொடறது?" என்றார்.

மரக்காணம் பக்கத்தில் கடலோரக் குப்பத்துக்காரர். எங்கள் வகுப்பில் அவர்தான் பெரியவர். கல்யாணமாகி, ஒரு பெண் குழந்தையும் பிறந்த பிறகு படிக்க வந்தவர். வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வருவார். நான் பிரம்மதேசம் பக்கத்து விவசாயக் குடும்பம். எங்கள் ஊரைத் தாண்டித்தான் அவருடைய பஸ் வரும். ஆனால் நாங்கள் பேசிக்கொண்டது கல்லூரிக்கு வந்த பிறகுதான்.

அவரைப் பற்றி எதைச் சொல்ல வந்தாலும் இந்தத் தொடாத குணத்தில்தான் வந்து முட்டுகிறது. பயிற்சிக்காக எங்களை ஓர் அரசுப் பள்ளிக்கு அனுப்பினார்கள். முந்தின பீரியடில் கணக்கு சார் போர்டு முழுக்கக் கணக்குப் போட்டுவிட்டுப் போயிருந்தார். அக்கா உள்ளே போனார், போர்டைப் பார்த்தார், டஸ்டரையும் பார்த்தார். பிறகு ஓரத்தில் ஒரு சாண் இடம் மிச்சம் இருந்ததே, அதில் எறும்பு ஊர்கிற மாதிரி சின்னச் சின்ன எழுத்தில் செய்யுளை எழுதி அழகாகப் பாடம் நடத்தினார். பின் பெஞ்சில் உட்கார்ந்து மார்க் போட்டுக்கொண்டிருந்த எங்கள் மேடத்துக்கு வந்ததே கோபம்.

"கரும்பலகையைத் துடைக்கணும்னு உங்களுக்கு யாரும் சொல்லித் தரலையா?"

"கணக்கு சார் திரும்பி வந்து பாதியில உட்டத முடிப்பாரோன்னு நெனச்சேன் மேடம்."

இதை வைத்து நாங்கள் அவரை ஓட்டாத நாள் கிடையாது. கேன்டீனில் யாரோ குடித்துவிட்டு வைத்த டம்ளர் மேசையில் இருந்தால், "அக்கா, ஆள் வருவாங்க, அந்த மேசைக்குப் போகாதீங்க" என்போம். அவரும் சேர்ந்து சிரிப்பார். இத்தனை சிரித்தோமே, ஏன் இப்படி என்று ஒருவனாவது, நானாவது, யோசித்திருக்கலாம். எனக்கு அப்போது யோசிக்கிற வழக்கமே இல்லை.

இன்னொன்றும் இருந்தது. கடலோரத்திலிருந்து வருகிறவர், ஆனால் மதியச் சாப்பாட்டில் ஒருநாளும் மீன் இருக்காது. எலுமிச்சை சாதம், தயிர் சாதம், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலைத் துவையல். எங்களோடு படித்த சங்கீதாவுக்கு மீன் என்றால் உயிர். "அக்கா, ஒருநாளாவது வஞ்சரம் எடுத்துக்கினு வாங்கக்கா" என்று கெஞ்சிக்கொண்டே இருப்பாள். ஒருநாள் கொண்டுவந்தார். டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் எழுந்து போய் அந்த அறையின் ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டு வந்தார். சாப்பிட்டு முடித்ததும் மேசையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினார். நாங்கள் கை நக்கிக்கொண்டிருந்தோம். அதைப் பார்த்தோம், ஆனால் கவனிக்கவில்லை.

அந்த வருடம் மேடம் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தார். குழுவாகச் செய்ய வேண்டிய செயல்திட்டத்தை ஆளுக்கு ஒரு பக்கம் எழுதி, பென் டிரைவில் சுமந்து, கடைசியில் ஒட்டவைக்கிற வேலை இனி வேண்டாம். நெட்டில் ஒரே டாக்குமென்ட்டைத் திறந்து நான்கு பேரும் அவரவர் இடத்திலிருந்து ஒரே நேரத்தில் எழுதலாம். ஒருவர் அடிப்பது மற்றவருக்கு அங்கேயே தெரியும். ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம், அந்த நிறத்தில் பெயரோடு ஒரு சின்னக் கோடு பக்கத்தில் நகரும். யார் எந்த வரியை எழுதினார்கள், எப்போது அழித்தார்கள் எல்லாம் பதிவாகும். "இனிமே ஒருத்தர் எழுதி நாலு பேர் மார்க் வாங்குற கதையெல்லாம் நடக்காது" என்று மேடம் சொன்னபோது வகுப்பில் பாதிப் பேருக்கு முகம் செத்துவிட்டது. எனக்கும்தான்.

எங்கள் குழுவில் அக்கா, சங்கீதா, பாலாஜி, நான். அக்காவிடம் மெயில் ஐடி கிடையாது. அவர் தம்பி ஒன்று உண்டாக்கிக் கொடுத்தான், குழந்தையின் பெயரில். அதனால் டாக்குமென்ட்டில் அக்காவுக்குப் பதிலாக ரித்திகா என்ற பெயர் பச்சைக் கோட்டோடு வந்து நிற்கும். "ஒரு வயசுக் கொழந்த பி.எட். படிக்குது" என்று பாலாஜி சொல்வான். அக்காவுக்கு அதில் ஒரு பெருமை. அந்தப் பச்சைப் பெயரைக் கைபேசியில் குழந்தைக்கே காட்டினாராம்.

கல்லூரி லேபில் நெட் ஒழுங்காக வரும் கம்ப்யூட்டர் ஒன்றுதான். கரண்ட் இருக்கும் நேரமும் கொஞ்சம். அதனால் ஒருவர் எழுந்தால் அடுத்தவர் உட்கார்ந்துவிடுவோம். முன்னால் இருந்தவருடைய மெயிலை மூடிவிட்டு நம்முடையதைத் திறந்துதான் எழுத வேண்டும். அதற்கெல்லாம் யாருக்குப் பொறுமை. திறந்தது திறந்தபடி இருக்கும், அப்படியே அடித்துக்கொண்டு போவோம். சங்கீதா எழுதியது பாலாஜி பெயரில் விழும், நான் எழுதியது சங்கீதா பெயரில் விழும். எல்லாம் ஒரே குழுதானே என்று விட்டுவிட்டோம்.

டாக்குமென்ட்டிலும் அக்கா மாறவில்லை. மற்ற குழுக்களில் ஒருவர் எழுதியதை மற்றவர் அழித்து, அவர் இவருடையதை அழித்து, வகுப்பில் பேச்சுவார்த்தை இல்லாமல் போன ஜோடிகள்கூட உண்டு. எங்களிடம் சண்டையே வராது. பாலாஜி தப்பாக ஒன்று எழுதியிருந்தால் அக்கா அதைத் தொட மாட்டார். அதற்குக் கீழேயே சரியானதை எழுதிவைத்துவிட்டு, ஓரத்தில் ஒரு குறிப்புப் போடுவார்: "தம்பி, கீழே எழுதியிருக்கேன். பிடிச்சா வெச்சுக்கிட்டு மேல இருக்கறத நீங்களே எடுத்துடுங்க." நாங்கள் பழைய வரியை அழித்துவிட்டு அக்காவுடையதை வைத்துக்கொள்வோம். எழுதுவது பாதி, அழிப்பது பாதி, இப்படியே ஒப்பேற்றிக்கொண்டிருந்தோம். வேலை முழுக்க அவர் தலையில். நோகாமல் நொங்கு தின்றோம்.

எங்கள் தலைப்பு, கடலோர ஊர்களில் பள்ளியைப் பாதியில் விடும் பிள்ளைகள். அக்கா இருக்கிறார், அவர் ஊர் இருக்கிறது, நாம் அலைய வேண்டாம் என்பதற்காக எடுத்த தலைப்பு. வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளிடம் பேசியதும் அவர்தான். எனக்கு ஒதுக்கியது ‘காரணங்கள்’ என்ற ஒரே பகுதி.

அன்று சாயங்காலம் மரக்காணம் பஸ்ஸைப் பிடிக்க அக்கா அவசரமாக எழுந்து ஓடினார். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். நெட்டில் தேடினேன். யாரோ எப்போதோ எழுதிவைத்த ஒரு பத்தி கிடைத்தது. அதை அப்படியே எடுத்து ஒட்டினேன். போதாததற்கு எங்கள் ஊரில் சாதாரணமாகப் பேசிக்கொள்வதையும் ஒரு வரி சேர்த்தேன். ‘மீனவக் குடும்பங்களில் பெற்றோருக்குக் கல்வியின் அருமை தெரிவதில்லை. வருமானம் முழுவதும் குடியில் கரைகிறது. பிள்ளைகளுக்கும் படிப்பில் இயல்பாகவே நாட்டமில்லை. சுத்தமும் ஒழுங்கும் இல்லாத சூழலில் வளர்வதால் மற்ற மாணவர்களோடு அவர்களால் ஒட்ட முடிவதில்லை.’

நம்புங்கள், அதை ஒட்டும்போது அக்காவின் முகம் எனக்கு நினைவுக்கு வரவே இல்லை. அக்கா அக்கா, மீனவக் குடும்பம் என்பது நெட்டில் இருக்கும் ஒரு விஷயம். இரண்டும் என் மண்டையில் சேரவில்லை. வேண்டுமென்றே செய்திருந்தால்கூட இவ்வளவு அசிங்கமாக இருந்திருக்காது.

மறுநாள் அதற்குக் கீழே அக்கா ஏதோ நீளமாக எழுதியிருந்தார். ஓரத்தில் வழக்கம்போல் குறிப்பு: "தம்பி, மேல இருக்கறத படிச்சிட்டு எடுத்துடுங்க." அக்கா சரிபண்ணிவிட்டார் என்று நினைத்தேன். படிக்கவில்லை. அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அதற்கப்புறமும் நேரில் கேட்டார். "தம்பி, அத பாத்தியா?" "பாத்துடுறேன்க்கா" என்றேன். இன்னொரு நாளும் கேட்டார், பஸ் ஸ்டாப்பில். "இன்னைக்கே முடிச்சுடுறேன்க்கா" என்றேன். அவர் முகத்தில் ஏதோ இருந்தது. ரிப்போர்ட் முடியவில்லையே என்ற கவலை என்று நானே அர்த்தம் பண்ணிக்கொண்டேன்.

அக்காவுக்குக் கவலைப்படக் காரணம் இருந்தது. மரக்காணத்தில் ஒரு தனியார் பள்ளியில் தமிழ் டீச்சர் வேலை அவருக்காகக் காத்திருந்தது. ஜூனில் பள்ளி திறக்கும்போது பி.எட். கையில் இருக்க வேண்டும், ஒரு பேப்பர் நின்றாலும் வேறு ஆள் பார்த்துவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். ஒரு வருடம்தான், அதற்குமேல் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள முடியாது என்று மாமியாரும் சொல்லியிருந்தார். வருகிற போகிறவர்களிடமெல்லாம் அக்கா அந்த ஜூனைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்.

கடைசி நாள் திண்டிவனத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்தேன். கரண்ட் போவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று கடைக்காரர் பறந்தார். நானும் பறந்தேன். ஒரு பக்கத்தைக்கூடப் படிக்காமல் பைண்டிங்குக்குக் கொடுத்தேன்.

வைவாவுக்கு வெளியிலிருந்து வந்தவர் வயதான பேராசிரியர். கண்ணாடியை இறக்கி ரிப்போர்ட்டைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார். கொஞ்ச நேரம் படித்தார். "இதென்னப்பா, ஒரே பக்கத்துல ரெண்டு பேரு சண்ட போட்டுக்கிறாப்புல இருக்குது" என்று சொல்லிவிட்டு, வகுப்பு முழுக்க உட்கார்ந்திருக்கும்போது உரக்கப் படித்தார். முதலில் என்னுடையதை. பிறகு கீழே இருந்ததை.

‘எங்க அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. நான் பத்தாவது பரீட்சை எழுதுன நாளெல்லாம் அவர் கடலுக்குப் போகல. மரக்காணத்துல ஸ்கூலுக்கு எதிர்ல டீக்கடையில உக்காந்திருப்பாரு. வெளிய வந்ததும் எல்லாத்தையும் எழுதிட்டியான்னு கேப்பாரு. எங்க ஊர் அப்பாக்கள் நெறய பேர் இப்படித்தான். பிள்ளைங்க நிக்கறது படிப்பு புடிக்காம இல்ல. ஆறாவதுல நான் பெரிய ஸ்கூலுக்குப் போனப்ப என் பக்கத்துல யாரும் உக்கார மாட்டாங்க. நான் வர்றதுக்குள்ள பெஞ்சு மேல பைய வெச்சுடுவாங்க. ஆள் வருவாங்கன்னு சொல்லுவாங்க. ஒருநாள் நான் ஒரு பைய எடுத்துக் கீழ வெச்சிட்டு உக்காந்துட்டேன். அந்தப் பொண்ணு பை நாறுதுன்னு அழுதா. எங்கம்மாவ வரச்சொன்னாங்க. எங்கம்மா ஸ்கூல் பைப்புல அந்தப் பைய தொவச்சிக் காயவெச்சிக் குடுத்துட்டு வந்தாங்க. எல்லாரும் பாத்துக்கினு இருந்தாங்க. என்னோட வந்த மத்த ரெண்டு பொண்ணுங்களும் அடுத்த நாள்ல இருந்து வரல. காரணம்னு போட்டா இதப் போடணும்.’

சங்கீதா குனிந்துகொண்டாள். ஒரு வருடமாக ‘ஆள் வருவாங்க, ஆள் வருவாங்க’ என்று எதைச் சொல்லி அவரை ஓட்டிக்கொண்டிருந்தோம் என்று அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது. அக்கா நேராக நின்றார். சேலை முந்தானையை மட்டும் இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"கீழ இருக்கறது உண்மை" என்றார் பேராசிரியர். "மேல இருக்கறது நெட்டுல இருந்து சுட்டது. இதே பாராவ வேற காலேஜ்லயும் பாத்துட்டேன். இத எழுதுனவங்க மட்டும் அடுத்த வருஷம் புதுசா எழுதிக் குடுக்கணும். மத்தவங்க பாஸ். யாரு இது?"

நான் எழுந்துவிட்டேன். அந்த ஒன்றை மட்டுமாவது உடனே செய்தேன். "நான்தான் சார்."

பேராசிரியர் என்னைப் பார்த்தார், பிறகு மேடத்தைப் பார்த்தார். மேடம், "ஒவ்வொரு எழுத்தும் பதிவாகியிருக்கும் சார், பார்த்துடலாம்" என்று உற்சாகமாக டாக்குமென்ட்டைத் திறந்து திரையில் போட்டார். பழைய பதிவுகளுக்குப் போனார். என் பத்தி திரையில் பெரிதாக வந்தது. பச்சை நிறத்தில். பக்கத்தில் பெயர், ரித்திகா.

"ரித்திகா யாரு?"

அக்கா, "என் பொண்ணு சார். என் மெயில் அவ பேர்ல இருக்குது" என்றார்.

"அப்ப ரெண்டையும் நீங்களே எழுதியிருக்கீங்க. மொதல்ல சுட்டுப் போட்டுட்டு, அப்புறம் மனசு கேக்காம சொந்தமா எழுதுனீங்க. சுட்டத எடுக்க மறந்துட்டீங்க. சரிதானே?"

"சார், அவங்க மெயில்ல உக்காந்து நான்தான் அடிச்சேன்" என்றேன். பாலாஜியும் எழுந்து, "ஆமா சார், அந்தப் பகுதி இவனுதுதான்" என்றான். லேபில் ஒரே கம்ப்யூட்டர், நாங்கள் மாறி மாறி உட்காருவோம் என்று சங்கீதாவும் சொல்லிப் பார்த்தாள். பேராசிரியர் கையை அமர்த்தினார். அவர் முகத்தில் கோபமில்லை. அவருக்குக் கண் கலங்கியிருந்தது என்றுகூடச் சொல்வேன்.

"பாத்தீங்களா மேடம். கூடப் படிக்கிற அக்கா, குடும்பஸ்தி, கஷ்டப்படுறாங்கன்னு இந்தப் பையன் பழியத் தன் மேல போட்டுக்கிறான். கூட ரெண்டு பேரு சாட்சிக்கு வேற வர்றாங்க. குரூப் ஒர்க்னா இதுதான் குரூப் ஒர்க். ஆனா நான் கண்ணால பாக்கறத உட்டுட்டு வேற எத நம்பறது?" என்று சொல்லி, எழுந்து வந்து என் தோளைத் தட்டினார். "நல்லா இருப்பா நீ."

வகுப்பில் யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள். விவரம் தெரியாத மற்றவர்களும் தட்டினார்கள். எனக்கு, அக்காவின் ஊரைப் பற்றி அப்படி எழுதிய எனக்கு, கைதட்டல். அக்கா மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. இல்லை சார், இவன்தான் என்று என் பக்கம் விரலை நீட்டவில்லை. நான் சொல்லிவிட்டேன் அல்லவா, அதற்கு மேல் அவர் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் மேடத்திடம் போய் நின்றேன். மேடம் கடைசியில், "எனக்கும் சந்தேகமாத்தான் இருக்கு. ஆனா அவர் கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டார். பதிவுல இருக்கறத நான் எப்படி மாத்தறது?" என்றார். அக்காவின் ஜூன் போய்விட்டது. அந்த வேலைக்கு வேறு யாரோ சேர்ந்தார்கள். அடுத்த வருடம் அவர் திரும்ப எழுதிக் கொடுத்துத் தேறினார் என்று சங்கீதா சொல்லித்தான் தெரியும்.

வைவா முடிந்த சாயங்காலம் மயிலம் பஸ் ஸ்டாப்பில் அவர் தனியாக நின்றுகொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். அழுகைதான் வந்தது. "ஏன்க்கா, அத நீங்களே அழிச்சிருக்கலாம் இல்ல. அத்தினி நாள் இருந்துதே" என்று கேட்டேன். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள், அப்போதும் கேள்வி கேட்டது நான்தான்.

"நீ எழுதுனது தம்பி. நீ படிச்சிட்டு, உனக்கே வேணாம்னு தோணி நீ எடுக்கணும். நான் எடுத்தா அது போயிடுமா?" என்றார். பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டார். "என் பொண்ணு பேரு போட்டு இருந்துது பாரு. அதான் பேஜாரா போச்சு."

அவ்வளவுதான் அவர் சொன்னது. திட்டியிருந்தால் தேவலை. பஸ் வந்தது, ஏறிவிட்டார். நான் அடுத்த பஸ்ஸில் போனேன்.

நான் வாத்தியாராகிவிட்டேன். விழுப்புரத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி. சில வருடங்களில் எங்கள் மேல்நிலைப் பிள்ளைகளுக்கும் அதே மாதிரி டாக்குமென்ட்டைத் திறந்து கொடுத்து, குழுவாக எழுத வைத்தேன். முதல் வகுப்பில் இரண்டை மட்டும் சொல்வேன்: உட்கார்ந்ததும் முதல் வேலையாக, முன்னால் இருந்தவனுடைய மெயிலை மூடு. முடித்த பிறகு நான்கு பேரும் சேர்ந்து உட்கார்ந்து முதல் வரியிலிருந்து வாய்விட்டுப் படி. ஏன் சார் என்று கேட்பார்கள். அப்படித்தான் என்பேன். காரணத்தைச் சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை.

ஒரு முகூர்த்த நாள். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் விழுப்புரம் வண்டிக்கு அடிதடி. நான் வழக்கப்படி ஜன்னல் வழியாக என் பையை ஒரு சீட்டில் போட்டேன். முன்படியில் ஏற முடியவில்லை. கூட்டம் என்னைப் பின்படிக்குத் தள்ளி உள்ளே ஏற்றிவிட்டது. தலைகளுக்கு நடுவே எட்டிப் பார்த்தேன். என் பை ஜன்னலோரம் இருக்கிறது. அதற்குப் பக்கத்து சீட்டில் ஒரு வயதான அம்மா. அவருக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தூங்கும் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறார் அக்கா.

ஒருவன் உள்ளே நுழைந்து பையைத் தூக்கப் போனான். அக்கா சொன்னது எனக்குக் கேட்டது. "ஆள் வருவாங்க."

போக வேண்டியதுதான். அக்கா, இது என் பைதான், நீங்கள் உட்காருங்கள் என்று சொல்ல வேண்டியதுதான். அதைச் சொல்ல வேண்டுமென்றால் அவர் முகத்துக்கு நேராகப் போய் நிற்க வேண்டும். பெஞ்சின் மேல் பை வைத்தவர்களின் வரிசையில் கடைசி ஆளாகப் போய் நிற்க வேண்டும். விக்கிரவாண்டி வந்தால் கூட்டம் இறங்கும், அதற்குள் அவரே உட்கார்ந்துவிடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குழந்தை வளர்ந்த குழந்தை, கால்கள் அவர் இடுப்புக்குக் கீழே தொங்கின. தோள் மாற்றிக்கொண்டே இருந்தார்.

டிக்கெட் காசைக் கை மாற்றி முன்னால் அனுப்புவோமே, அப்படி ஒரு சேதியை அனுப்பினேன். எனக்கு முன்னால் நின்றவரிடம், "அந்தப் பைய மடியில வெச்சிக்கினு அந்தம்மாவ உக்காரச் சொல்லுங்க" என்றேன். அவர் முன்னால் சொன்னார், அவர் அதற்கு முன்னால் சொன்னார். அக்கா திரும்பாமலே ஏதோ சொன்னார். பதில் அதே வழியில் வாய் மாறி என்னிடம் வந்து சேர்ந்தது.

"தொட மாட்டாங்களாம். வெச்சவங்களே வந்து எடுக்கட்டும்ங்கறாங்க."

விக்கிரவாண்டியும் வந்தது. கொஞ்சம் பேர் இறங்கினார்கள், அதைவிடக் கொஞ்சம் அதிகமாக ஏறினார்கள். நான் ஒரு ஆள் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன். அந்தக் குழந்தைதான் ரித்திகாவாக இருக்க வேண்டும். அக்கா டீச்சராகிவிட்டாரா, எங்கே போகிறார், எதுவும் எனக்குத் தெரியாது. பத்துத் தலைகளைத் தாண்டினால் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். தாண்டவில்லை.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் அவர் குழந்தையை எழுப்பி இறக்கி, கையைப் பிடித்து முன்படி வழியாக இறங்கிப் போனார். போவதற்கு முன் கண்டக்டரிடம் பையைக் காட்டி ஏதோ சொன்னார். எல்லோரும் இறங்கட்டும் என்று காத்திருந்துவிட்டு நான் அந்த சீட்டுக்குப் போனேன். பை போட்டது போட்டபடி இருந்தது. கண்டக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"யோவ், உன் பையா இது? அந்தம்மா அம்மாந்தூரம் புள்ளய தோள்ல போட்டுக்கினு நின்னுக்கினே வந்துச்சே. நீ பின்னாலயே நின்னு பாத்துக்கினு வந்தியா?"

"ஆமாங்க, நான்தான்" என்றேன்.

அன்று வைவாவில் இதே ‘நான்தான்’ என்றேன், பேராசிரியர் நம்பவில்லை. கண்டக்டர் உடனே நம்பிவிட்டார்.